ஒரு மூடியும் இருபது நிமிடமும்

எங்கள் யார்டில் டிரைலர் சாவி ஓட்டுநரின் கைக்குப் போவதற்கு முன்னால் அவர் ஒரு கருவியில் ஊதியாக வேண்டும். கைப்பேசியைவிடச் சற்றே தடித்த கருவி. அதன் தலையில் ஒரு வெள்ளைக் குழாயைச் செருகி, ஒலி நிற்கும்வரை ஒரே மூச்சில் ஊதினால் திரையில் எண் வரும். கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் அந்த யார்டின் வாசல் அலுவலகத்தில், காலையில் அந்தக் கருவியோடு நிற்பதுதான் என் வேலையின் முதல் பாதி. எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எது துறைமுகத்துக்குக் கிளம்பியது என்று கணினியில் ஏற்றுவது மறுபாதி.

என் கணவரும் அதே யார்டில் டிரைலர் ஓட்டுகிறார். உறவினரை உறவினர் சோதிக்கக் கூடாது என்பது அங்கே விதி. வரிசையில் அவர் நெருங்கி வரும்போது கருவியை உடன் வேலை செய்பவரிடம் கொடுத்துவிட்டு நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அதனால் அவர் ஊதி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. அவர் குடிக்காதவர். டிரைலர் ஓட்டுகிறவர்கள் நடுவே அது கொஞ்சம் கேலிக்குரிய குணம்.

அதிகமாகக் கேலி செய்தவர் அவருடைய தோஸ்து. இருவரும் ஒரே லாரியில் கிளீனராகச் சேர்ந்து, ஒரே சமயத்தில் லைசென்ஸ் எடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர் குடிப்பார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து சோடாவும் நெத்திலி வறுவலும் காலி செய்வார். “உனக்கு சைடு டிஷ்ஷு வாங்கியே நான் போண்டியாயிட்டேன் மாமு” என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று, எனக்கும் கேட்கும்படி, இவரிடம் முறையிட்டிருக்கிறார். ஒரே ஒரு ஆசைதான் அவருக்கு: என்றைக்காவது ஒரு நாள் தன் கையால் ஒரு மூடி ஊற்றித் தர வேண்டும், இவர் அதைக் குடிக்க வேண்டும். பாட்டில் மூடியளவு. அதற்கு மேல் கேட்க மாட்டேன் என்பார். “பாக்கலாம்” என்பார் இவர்.

போன வருடம் அந்த நண்பர் இறந்துபோனார். துறைமுகத்துக்குள் போக டிரைலர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும். அந்த வரிசையில், ஓட்டுநர் இருக்கையிலேயே, மாரடைப்பு. அவருக்கு நேர் பின்னால் நின்ற டிரைலர் என் கணவருடையது. கதவைத் திறந்து அவரை இறக்கியதும் இவர்தான். இவ்வளவுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

வருஷப் படையல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்மண்டபத்தில் அவர்கள் வீட்டில். எங்கள் பக்கத்தில் போனவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்க வேண்டும். சுறாப்புட்டு, நெத்திலி வறுவல், அவித்த முட்டை, ஒரு கட்டு பீடி. ஓரத்தில் ஒரு குவார்ட்டர் பிராந்தி. அந்த பாட்டிலுக்காக வாழ்நாளெல்லாம் அவரோடு சண்டை போட்ட அவர் மனைவிதான், நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், அதை வாங்கிவரத் தன் அண்ணனை அனுப்பினார். கடை பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும் என்பதால் படையலே அதற்காகக் காத்திருந்தது. அண்ணன் வேறு பிராண்டு வாங்கி வந்ததும் அக்கா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்த அவுரு தொடவே மாட்டாரு. போயி மாத்திக்கினு வா” என்று திருப்பி அனுப்பினார்.

கற்பூரம் காட்டி முடிந்ததும், நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றித் தருவது வழக்கம். கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். என் கணவரிடம் வந்ததும் அக்கா அவரைத் தாண்டிப் போகப் பார்த்தார். இவரே கையை நீட்டினார். மூடியை வாங்கி வாயில் கவிழ்த்துக்கொண்டு, எப்படி விழுங்குவது என்று தெரியாதவர்போல வெகு நேரம் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு விழுங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அங்கே இருந்தவர்கள் எல்லாம் வாயாடிகள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இவருக்குச் சாப்பிட உட்காரத் தோன்றவில்லை, உடனே கிளம்பினோம். வாசலில் அக்கா அவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை.

ஸ்கூட்டர் என்னுடையது. ஆனால் சேர்ந்து போகும்போது அவர்தான் ஓட்டுவார். காசிமேட்டைத் தாண்டியதும் சாலையில் தடுப்பு வைத்து போக்குவரத்துப் போலீசார் வண்டிகளை ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். இவர் தயக்கமே இல்லாமல் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, லைசென்சை எடுத்துக் கொடுத்தார். அந்த மூடி குடியாகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. படையலில் வாங்கியதைக் குடித்ததாக எங்கள் பக்கத்தில் யாரும் கணக்கு வைப்பதில்லை.

கான்ஸ்டபிள் உறை கிழித்துப் புதுக் குழாய் செருகுகிறாரா என்று பழக்கதோஷத்தில் கவனித்தேன். புதுசுதான். இவர் ஊதினார். கன்னம் இரண்டும் உப்பி, புருவம் மேலேறி, பலூன் ஊதும் பிள்ளையின் முகம். இத்தனை வருடம் தினமும் காலையில் என் முதுகுக்குப் பின்னால் இந்த முகம்தான் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்புகூட வந்தது.

திரையில் தொண்ணூற்றாறு என்று வந்தது.

சட்டப்படி முப்பதைத் தாண்டக் கூடாது. அந்த எண்ணை தினமும் உச்சரிப்பவள் நான். தொண்ணூற்றாறு வேறு யாருடையதோ என்பதுபோலக் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் பேருந்து நிழற்குடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டார். “ஒரு மூடி சார்” என்றார் என் கணவர்.

எங்களுக்கு முன்பே பிடிபட்டு நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்த ஒரு ஆட்டோக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “நானும் ஒரு மூடிதான் நைனா. வாட்டர் கேன் மூடி” என்றார். கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார்.

 நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அபராதம் எப்படியோ கட்டிவிடலாம். ஆனால் வழக்குப் பதிந்தால், லைசென்சை மாதக்கணக்கில் முடக்கச் சொல்லிப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதுவார்கள். ஊதியதில் பிடிபட்ட ஓட்டுநரை அன்றைக்கே பெயர்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது எங்கள் யார்டின் விதி. துறைமுக வாசலுக்கான பாஸும் அதோடு போகும். அவர் வயதில் இன்னொரு யார்டு புதிதாக எடுத்துக்கொள்ளாது. ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத கை.

சப்-இன்ஸ்பெக்டர் எழுதி முடித்து, தாளைத் திருப்பி, கையெழுத்து போட வேண்டிய இடத்தைக் காட்டினார். இவர் பேனாவை வாங்கிவிட்டார். நான் தாளின்மேல் கையை வைத்தேன்.

“சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

யார்டு வாசலில் இதே கருவியைப் பிடிப்பவள் நான் என்று சொன்னேன். பல்வலிக்காக வாயில் ஏதோ மருந்து ஊற்றிக் கொப்பளித்துவிட்டு வந்த ஓட்டுநர் ஒருவருக்கு ஒருநாள் காலையில் நூறுக்கு மேல் காட்டியதையும், அவரை பெஞ்சில் உட்காரவைத்து இருபது நிமிடம் கழித்து ஊதச் சொன்னபோது பூஜ்யம் வந்ததையும் சொன்னேன். வாயில் ஒட்டியிருப்பதையும் கருவி ரத்தத்தில் இருப்பதாகத்தான் படிக்கும். அன்றிலிருந்து எங்கள் யார்டில் இருபது நிமிட விதி உண்டு. எங்கள் ஓட்டுநர்களுக்கு வகுப்பெடுக்க வந்த வழக்கறிஞர் சொன்னவற்றில் எனக்கு நினைவிருந்ததையும் சொன்னேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்து போட வேண்டியதில்லை. மறுபடி ஊதக் கேட்கலாம். அதிலும் சந்தேகம் என்றால் அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்க்கக் கேட்கலாம். கேட்டதை எழுதிக்கொள்ளச் சொல்லலாம். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில் இருக்கலாம். கேட்பது நம் கையில்.

யார்டு வாசலில் இதையெல்லாம் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே என் குரல் கணீரென்று இருக்கும். நிழற்குடையில் பாதி வாக்கியத்தில் உடைந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. எனக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டு, வாங்கிப் பார்த்தார். குடிக்காத ஒருவர் லைசென்சோடு கூட இருப்பதால் ஸ்கூட்டரைப் பிடித்து வைக்க வேண்டியதில்லை, நானே ஓட்டிப் போகலாம் என்றார். கனிவாகத்தான் சொன்னார். ஆனால் வழக்கு வழக்குதான் என்றார். நான் கையை எடுக்கவில்லை. அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரி. இருபது நிமிசம். நான் இங்கதான் இருக்கப் போறேன். அப்பவும் இதே வந்துச்சுன்னா?”

“கையெழுத்து போட்ருவாரு சார்.”

“நீ சொல்ற. அவரு ஒண்ணும் சொல்லலியே.”

அப்போதுதான் நாங்கள் இருவரும் என் கணவரைப் பார்த்தோம். அவர் பேனாவைத் திருப்பித் தரவில்லை. “வாணாம்மே. குடிச்சது குடிச்சதுதான். எழுதிக்கட்டும்” என்றார்.

அவரைக் கையைப் பிடித்து நடைபாதைப் பக்கம் இழுத்துப் போனேன். ஆட்டோக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். நெருப்புபோலச் சுட்ட சிமென்ட்டில் என் துப்பட்டாவை மடித்துப் போட்டு உட்கார்ந்தோம். சாலையில் டிரைலர்கள் எங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் உருண்டுகொண்டிருந்தன.

“சட்டம் குடிச்சியான்னு கேக்கல மாமா. எவ்ளோன்னுதான் கேக்குது. ஒரு மூடிக்கு முப்பது வராது.”

“எனக்குத் தெரியும்மே.”

“தெரிஞ்சா எதுக்கு எழுதிக்கட்டும்ங்கறீங்க? போயி வாயக் கொப்பளிச்சிட்டு வாங்க. ஒரு டீக்கடையில தண்ணி கேட்டா குடுக்க மாட்டானா?”

அவர் எழுந்திருக்கவில்லை. வாசலில் அக்கா தணிந்த குரலில் சொன்னது என்ன என்று அப்போதுதான் சொன்னார். அது போனவருடைய பங்கு, வீட்டுக்குப் போய் விளக்கேற்றும்வரை வாய் கொப்பளித்து வழியில் துப்பிவிடாதே என்று கேட்டுக்கொண்டாராம். அந்த வீட்டு வழக்கமாம். இவர் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த நேரத்தில் அந்த வழக்கத்தின்மேலும் ஆத்திரம், அக்காவின்மேலும் ஆத்திரம். லைசென்ஸ் போனால் அக்கா வந்து டிரைலர் ஓட்டுவாரா என்று கேட்டுவிட்டேன்.  அவர் சாலையைப் பார்த்தபடி, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல், சொன்னார்.

“அன்னிக்கு லைன் நவுந்துச்சு. அவன் வண்டி மட்டும் நவுரல. தூங்கிட்டான்னு நெனச்சிக்கினு ஹாரன் அட்ச்சேன். வுடாம அட்ச்சேன்மே. எறங்கிப் போயி நாலு திட்டு வுடலாம்னுதான் கதவத் தொறந்தேன்.”

இத்தனை வருடமாக ஒரே பாயில் படுத்து எழும் மனிதர். எந்தச் சட்டை எந்தக் கொடியில் காய்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். இது தெரியாது.  யாராக இருந்தாலும் ஹாரன் அடித்திருப்பார்கள், அந்தச் சாலையில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள் என்று சொல்லலாம். அது அவருக்கும் தெரியும். அவருடைய உள்ளங்கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பொது இடத்தில் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை நாங்கள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

“அவன் கடைசி வரிக்கும் கேட்டுக்கினே இருந்தான், ஒரு மூடி, ஒரு மூடின்னு. அத்தயும் ரோட்டாண்ட துப்பிட்டுப் போவச் சொல்றியா?”

பக்கத்திலிருந்த ஆட்டோக்காரர் இதையெல்லாம் கேட்காதவர்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் ஆட்டோ இருக்கைக்குக் கீழிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து எங்கள் நடுவே வைத்தார். “சீல் ஒடைக்கல நைனா” என்றார். 

பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. எளிய விஷயம். முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

“துப்ப வேணாம் மாமா. முழுங்கிடுங்க. வாய்ல கீறதும் உள்ளதான போவும். அவரு பங்கு எங்கயும் போவாது.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரை ஏமாற்றுகிறேனா என்று யோசிக்கிறார் எனத் தெரிந்தது. ஏமாற்றவில்லை; அக்கா கேட்டது அதுதானே. வழியில் துப்பாதே என்றார். தண்ணீர் குடிக்காதே என்று சொல்லவில்லை. அவரும் அதை மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்திருக்க வேண்டும். மூடியைத் திருகித் திறந்தார். ஒவ்வொரு வாயாக எடுத்து, கன்னத்தின் இரண்டு பக்கமும் உருட்டி, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் விழுங்கினார். பாட்டில் தீரும்வரை அப்படித்தான். கடைசி வாயை விழுங்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் அவர் தோஸ்தைப் பற்றிப் பேசினார். இறந்த நாளைப் பற்றி அல்ல. கிளீனர்களாக இருந்த காலத்தில் ஒரே போர்வையை லாரி மேல் இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு சண்டை போட்டதைப் பற்றி. ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டேன்.

கான்ஸ்டபிள் கூப்பிட்டார். இந்த முறையும் புதுக் குழாய். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கருவியைத் தானே பிடித்துக்கொண்டார். இவர் ஊதினார்.  நிழற்குடைத் தூணைப் பிடித்துக்கொண்டேன். கணக்குப்படி முப்பதுக்குக் கீழேதான் வர வேண்டும். தினமும் அந்தக் கருவியோடு இருக்கிறவள் என்பதாலேயே, அது தவறும் நாட்களும் உண்டு என்று எனக்குத் தெரியும். இன்றைக்குத் தவறினால் மருத்துவமனைக்கு எழுதச் சொல்ல வேண்டும், அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும், அதற்குள் மாலையாகிவிடும் என்று மனம் அடுத்தடுத்துப் போய்க்கொண்டிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் திரையை இவருக்குக் காட்டவில்லை. என் பக்கம் திருப்பினார். ஏழு.

“ஒரு மூடின்னுதான் சொன்னாரு” என்றார் சப்-இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிளைப் பார்த்து. எழுதி வைத்த தாளில் முதல் எண்ணுக்குக் கீழே இரண்டாவது எண்ணையும், இடையில் விட்ட நேரத்தையும் எழுதி, வழக்கு இல்லை என்று குறித்துவிட்டு, கையெழுத்துக்கு முன்னால் என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார். படித்தேன். இவர் போட்டார். லைசென்சை இவர் கையில் கொடுத்தார். சாவியை என்னிடம் கொடுத்தார்.

“நீ ஓட்டிக்கினு போம்மா. அவரு பின்னாடி உக்காரட்டும். முகம் சரியில்ல.”

ஆட்டோக்காரரின் முறை வந்தது. அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, தனக்கு இருபது நிமிடம் போதாது என்றார். இவர் அவர் தோளைத் தொட்டுவிட்டு வந்தார்.

என் பின்னால் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. காலை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்று திண்டாடினார். கடைசியில் ஒரு கையை என் தோளில் வைத்தார். மற்றொரு கையில் லைசென்சை அப்படியே பிடித்திருந்தார். சட்டைப் பையில் வைக்கச் சொன்னேன், காற்றில் கேட்கவில்லைபோலும். டிரைலர்களை ஒட்டி நான் மெதுவாக ஓட்டினேன். அவர் ஒரு தரம்கூட பிரேக்கைப் பற்றியோ கண்ணாடியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

தண்டையார்பேட்டை சிக்னலில் நின்றபோது காதருகே கேட்டார்.

“நாளைக்கு வண்டி எடுக்கலாமாம்மே?”

“எடுக்கலாம்.”

அடுத்த சிக்னலிலும் அதையே கேட்டார். எடுக்கலாம் என்று சொன்னேன். திருவொற்றியூர் தேரடி தாண்டி எங்கள் தெருவுக்குத் திரும்பும்போது மூன்றாம் முறை கேட்டார். அப்போதும் எரிச்சல் இல்லாமல், முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டு, எடுக்கலாம் மாமா என்று சொன்னேன். தோளில் இருந்த கை இறுக்கம் தளர்ந்து, சும்மா வைத்த கையாக ஆனது.